பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?

இனிமேல் என் மனைவிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன்.

அவசரப்பட்டு என்னை வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். பதில் போகும். அதை நான் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

இந்த முடிவுக்கு நான் தள்ளப்பட்டதற்குக் காரணம், என்னிடமிருந்த ஒரு சொல் தேய்ந்துபோனதுதான். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் காப்பாற்றி வந்த சொல் அது. பார்க்கலாம்.

இதைவிட அருமையான சொல் தமிழில் கிடையாது. 'முடியாது' என்றால் சண்டை வரும். 'சரி' என்றால் வேலை வரும். 'பார்க்கலாம்' என்றால் இரண்டும் வராது. குளியலறைக் குழாய் சொட்டுகிறதா? பார்க்கலாம். பரணில் ஏறிப் பழைய சாமானை இறக்க வேண்டுமா? பார்க்கலாம். நானும் பார்த்ததில்லை, குழாயும் நின்றதில்லை. இதில் யாருக்கும் மனக்கஷ்டம் கிடையாது. எனக்குக் கிடையாது என்பது நிச்சயம்.

அலுவலகத்திலும் இந்தச் சொல்தான் எனக்குச் சோறு போடுகிறது. மெத்தை தயாரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். "சார், வாங்கின மாசமே நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு" என்று யாராவது அழுதால், "அப்படியா, பார்க்கலாம் சார்" என்று இதமாகச் சொல்ல வேண்டும். அழுதவர் அந்தப் பள்ளத்திலேயே படுத்துப் பழகும் வரைக்கும் இதமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மெத்தைக் கம்பெனியில் சேர்ந்துதான் எனக்கு மெத்தனம் வந்தது என்பாள் என் மனைவி. அதற்கு முன்பே வந்துவிட்டது என்று நான் அவளைத் திருத்தவில்லை.

அவளுடைய வேலையையும் சொல்லிவிட வேண்டும். பல் டாக்டர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்து, யாருக்கு என்றைக்கு எந்தப் பல் என்று நேரம் குறிப்பவள் அவள். பல் பிடுங்கப் பயந்து, ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, வண்டி ஓடவில்லை என்று நழுவப் பார்ப்பவர்களைப் போனிலேயே மடக்கி நாற்காலிக்குக் கொண்டுவந்துவிடுவாள். சொத்தைப் பல்லையும் சொத்தைச் சாக்கையும் அவளால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியும். அப்பேர்ப்பட்டவளிடம் என் 'பார்க்கலாம்' இத்தனை வருஷம் ஓடியதே பெரிய விஷயம்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது அது ஓடாமல் நின்றது.

"என்னங்க, வர்ற சனிக்கிழமை அக்கா வீடு மாத்தறாங்க. நீங்க போய் மாமாவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணணும்."

"பார்க்கலாம்."

"எப்போ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி.

"எப்போன்னா... சனிக்கிழமை பக்கத்துல பார்க்கலாம்."

"சனிக்கிழமைக்குப் பக்கத்துல வெள்ளி இருக்கு, ஞாயிறு இருக்கு. எந்தப் பக்கம்?"

"நீ என்னைப் பல் நோயாளி மாதிரி விசாரிக்கிறே."

"அவங்களாவது ஒருநாள் வாயைத் திறப்பாங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சொன்ன மாமா என்பது அவளுடைய அக்காள் கணவர், அதாவது என் சகலை. தங்கமான மனிதர். ஆனால் அவரிடம் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. அதைத் தூக்குவதைவிட, அது நிற்கும் வீட்டை விலைக்கு வாங்கிவிடுவது சுலபம். இப்போது இருப்பது மூன்றாவது மாடி. போகப்போவது நான்காவது மாடி. லிஃப்ட் இரண்டு இடத்திலும் கிடையாது.

இதுகூடப் பரவாயில்லை. அதே சனிக்கிழமைதான் எனக்கு ஏரி.

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் படகில் போய் மீன் பிடிப்பதாகப் பல மாதமாகத் திட்டம். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். கரையைச் செப்பனிடப் போவதால், சனிக்கிழமைக்குப் பிறகு ஏரியை மூடிவிடுகிறார்கள். மறுபடி எப்போது திறப்பார்களோ தெரியாது. நான் வாழ்க்கையில் அதிகம் ஆசைப்பட்டவன் இல்லை. பேசாத தண்ணீர், பேசாத மீன், பேசாத நான். ஒரே ஒருநாள். அதை பீரோவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நினைத்தாலே அழுகை வந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் வயர். ஆளும் அப்படித்தான், கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு இயர்போன் வயர் தொங்கும். அந்தத் திங்கட்கிழமை ராத்திரியே மாடிப்படியில் என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க எதுக்கு சார் வாயைக் கொடுத்து மாட்டிக்கிறீங்க? ஒரு உதவியாளரை வெச்சுக்குங்க."

"வீட்டுல நானே அந்த வேலையிலதான் இருக்கேன்."

"ஆள் இல்ல சார். ஏஐ. உங்க மெயில், காலண்டர், சாட் மூணையும் அதோட இணைச்சுடணும். மெயில் வந்தா அதுவே படிக்கும். அதுவே பதில் போடும். அதுவே நாள் குறிக்கும். நீங்க சும்மா இருக்கலாம்."

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வீட்டு மெசேஜுக்கும் பதில் போடுமா?"

"அதுக்குத்தானே சார் நான் இணைச்சதே! என் வீட்டம்மா எது கேட்டாலும் அது 'ஆகட்டும்'னு போட்டுடும். அவங்களும் சந்தோஷம், நானும் சந்தோஷம்."

"கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சா நான் இப்படி நிமிர்ந்து நிப்பேனா?"

நியாயமாகப் பட்டது. நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பம் பெரும்பாலும் சாட்டில்தான் நடக்கிறது. நேரில் கேட்பதையும் அவள் மறுபடி எழுத்தில் போட்டு வைப்பாள், அது கிளினிக் பழக்கம். ஆக, சாட்டை அடைத்துவிட்டால் வீட்டையே அடைத்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இணைப்பு வேலையை ஆரம்பித்தேன். உங்கள் மெயிலைப் படிக்கலாமா? ஆம். காலண்டரைத் திறக்கலாமா? ஆம். குடும்பத்தாருடன் பேசலாமா? ஆம், ஆம். கல்யாணத்தன்றுகூட நான் இத்தனை தடவை தலையாட்டியதில்லை. பிறகு உத்தரவுகளை எழுதினேன்.

'என் மனைவி ஏதாவது வேலை சொன்னால், அன்றைக்கு எனக்கு அலுவலகத்தில் கூட்டம் என்று காலண்டரில் போட்டுவிடு.'

'அன்று கூட்டம் உள்ளதா?'

'இல்லை.'

'இல்லாத கூட்டத்தை இருப்பதாக நான் போடுவதில்லை. நிஜமாகவே ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து, உங்கள் மேலாளரை அழைக்கட்டுமா?'

'ஐயோ, வேண்டாம்!'

எனக்கு வாய்த்தது ஒரு சத்தியசந்தன். சரி, பொய் சொல்லாதவனை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று யோசித்தேன். என் பழைய சொல் கைகொடுத்தது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

'அவள் எது கேட்டாலும் "பார்க்கலாம்" என்று பதில் போடு. உடனே போடு.'

'போடுகிறேன். அப்படிச் சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும்?'

என்னை யாரும் கேட்காத கேள்வி. சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததுதானே அந்தச் சொல்லின் அழகு! இது புரியாமல் அது மேலும் கேட்டது.

'"பார்க்கலாம்" என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளவா, மறுப்பாக எடுத்துக்கொள்ளவா? உங்கள் பழைய உரையாடல்களைப் படித்துப் பார்த்தேன். எதுவும் தெளிவாகவில்லை.'

அந்த நேரம் பார்த்து மேஜைத் தொலைபேசி அடித்தது. புது மெத்தையில் குதித்துப் பார்த்தபோது கட்டில் உடைந்துவிட்டதாம், கட்டிலுக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கத்தினார். ஒரு காதில் அவர், கண்ணெதிரே இது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

'வீட்டு விஷயத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்காதே!'

'அப்படியானால், வீட்டு விஷயம் நன்றாகத் தெரிந்த வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளட்டுமா?'

'யாரையாவது கேட்டுத் தொலை!'

'நன்றி.'

எவ்வளவு மரியாதையான பிறவி என்று நினைத்துக்கொண்டேன். கையோடு, சனிக்கிழமை ஏரியில் இரண்டு பேருக்குப் படகு பதிவு செய்யச் சொன்னேன். செய்தது. அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு வேலைநாள் என்பதால், விடுப்பு கேட்டு மேலாளருக்கு எழுதச் சொன்னேன். அதையும் செய்தது. என்ன எழுதியது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. படித்துப் பார்ப்பதற்கு எதற்கு உதவியாளர்?

அதற்கடுத்த நாட்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். போன் அடிக்கடி 'டிங்' என்றது. அவள் கேட்கும் 'டிங்' ஒன்று, அது சொல்லும் 'டிங்' ஒன்று. நான் இரண்டையும் திறக்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ கணவர்கள் இந்த வசதி வருவதற்கு முன்பே வாழ்ந்து முடித்துவிட்டார்கள். அவர்களை நினைத்தால் பாவமாக இருந்தது.

வீட்டிலும் காற்று மாறியிருந்தது. மனைவி சிரித்த முகமாகவே இருந்தாள்.

"என்னங்க, இப்பல்லாம் கேட்ட உடனே பதில் வருதே!"

"பாசம்மா."

"எழுத்துப்பிழைகூட இல்ல."

"பாசத்துல ஏது பிழை?"

"குழாயைப் பத்திக் கேட்டேன், 'பார்க்கலாம்'னீங்க. பரணைப் பத்திக் கேட்டேன், 'பார்க்கலாம்'னீங்க. அக்கா வீட்டுக்கும் 'பார்க்கலாம்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

'எப்போ' வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்கு அது போதுங்க" என்றாள். "படுக்கையறைச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும்னுகூட ஒரு ஆசை. அதையும் சாட்ல கேட்டுக்கறேன்."

"தாராளமாக் கேளு! என்ன வேணும்னாலும் கேளு!"

என் கண்முன்னே அவள் கேட்டாள். என் சட்டைப்பையில் டிங் என்றது. நான் வாய் பேசாமலே பதில் சொல்லிவிட்ட பெருமிதத்தில் அவளைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவள் என்னைவிட அழகாகப் புன்னகைத்தாள். இவ்வளவு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் எனக்கு வெட்கமாகவே இருந்தது. பிறகு ஏரியை நினைத்து அதைச் சரிசெய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் என்னை நடைவழியில் நிறுத்தினார். சாதாரணமாக அவர் என்னைப் பார்த்தால் மெத்தையில் பள்ளம் தெரிந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். அன்றைக்குத் தோளில் கை போட்டார்.

"நாளைக்குத்தானே? லீவு மெயில் பார்த்தேன். மனசுக்கு நிறைவா இருந்ததுய்யா."

சத்தியசந்தன் ஏரியைப் பற்றி எழுதிவிட்டானா? ஆனால் மனிதர் கோபமாக இல்லையே.

"சின்ன ஆசைதான் சார்."

"ஆசையா! இந்தக் காலத்துல இதுக்கு ஆசைப்படற ஆளை நான் பார்த்ததில்ல. முதுகை மட்டும் பார்த்துக்குங்க."

"நாள் முழுக்க உக்கார்ந்துதானே சார் இருக்கப்போறேன்."

"உக்கார்ந்தா எப்படிய்யா வரும்? நல்லா குனிஞ்சு பிடிக்கணும். பெரிசா இருந்தா தனியா இழுக்காதீங்க. ரெண்டு பேரா பிடிங்க."

அனுபவசாலி என்று தெரிந்துகொண்டேன். உற்சாகம் தாங்கவில்லை.

"நல்ல பெரிசா வந்தா, நேரா உங்க வீட்டுக்கே கொண்டு வந்துடறேன் சார்!"

"ஐயோ, எனக்கு எதுக்குய்யா? எங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு நிக்குது. உள்ளே வைக்கத்தான் துணி இல்ல."

மீனுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய பதவியில் இருப்பவர்கள் பேசுவது சில சமயம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை. அவளிடம் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் என்று சொல்லிவிட்டு நழுவுவதாகத் திட்டம். தூண்டிலை ஒரு மெத்தை உறையில் சுருட்டி, அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு பூனைபோல் போய்க் கையை விட்டேன். உறை இருந்தது. தூண்டில் இல்லை.

"இதையா தேடறீங்க?"

திரும்பினேன். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தலையில் என் வெயில் தொப்பி. கையில் என் தூண்டில். வாசலில் வயரின் மனைவி, ஒரு கூடையோடு.

"கிளம்பிட்டீங்களா? மாமா வண்டியோட கீழ வந்து நிக்கறார். கயிறெல்லாம் கொண்டுவந்திருக்கார்."

"எனக்கு... ஆபீஸ்ல மீட்டிங்."

"மீட்டிங்கா, மீன்டிங்கா?"

அவள் தன் போனை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்த செய்தி. எழுத்துப்பிழை இல்லை.

'வணக்கம் அம்மா. நான் உங்கள் கணவரின் உதவியாளர். நீங்கள் கேட்பவற்றுக்கு அவர் சார்பில் "பார்க்கலாம்" என்று பதில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு உங்கள் வீட்டில் என்ன பொருள்? வீட்டு விஷயத்தில் தன்னைக் கேட்க வேண்டாம், நன்றாகத் தெரிந்தவரைக் கேட்டுக்கொள் என்பது அவர் உத்தரவு. ஆகவே உங்களைக் கேட்கிறேன்.'

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"கல்யாணமானதிலேருந்து இந்தக் கேள்வியை யாராவது என்கிட்ட கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்தேங்க. எங்க வீட்டுல 'பார்க்கலாம்'னா 'கண்டிப்பா செய்யறேன்'னு அர்த்தம்னு சொன்னேன்."

"அநியாயம்! அதுக்கு அப்படியா அர்த்தம்?"

"வேற என்ன அர்த்தம்? சொல்லுங்க, அதுக்குச் சொல்லித் திருத்திடலாம்."

இவர்கள் இருவர் முன்னால் நின்று, அதன் உண்மையான அர்த்தத்தைச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. நீங்களே சொல்லுங்கள், யாருக்கு வரும்?

"அது காலண்டர்ல போட்டிருக்கிற அழகைப் பாருங்க" என்று காட்டினாள். இந்தச் சனி பீரோ. அடுத்த சனி குழாய். அதற்கடுத்த சனி பரண். அப்புறம் பெயிண்ட், முதல் பூச்சு. அப்புறம் பெயிண்ட், இரண்டாவது பூச்சு. "எங்க கிளினிக்லகூட இவ்வளவு சுத்தமா நாள் குறிக்க மாட்டோம்."

"அப்ப என் ஏரி? என் படகு?"

"அதையும் கேட்டுச்சே!" அடுத்த செய்தியைத் தள்ளிக் காட்டினாள். 'சனிக்கிழமை பீரோவும் படகும் மோதுகின்றன. எதை ரத்து செய்ய?' என்று அது கேட்டிருந்தது. கீழே இவள் பதில்: 'பதிவு பண்ணினதை எதுக்கு வீணாக்கணும்? பீரோவுக்கு அவர் போகட்டும். படகுக்கு நாங்க போறோம்.'

"நாங்கன்னா?"

வயரின் மனைவி கூடையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவருக்குப் பின்னால், மாடிப்படியில் வயர் நின்றிருந்தார். இன்றைக்குக் கழுத்தில் வயருக்குப் பதில் தடித்த கயிறு தொங்கியது. நிமிர்ந்து நிற்கவில்லை.

"சார்," என்றார் பரிதாபமாக, "நீங்க ரெண்டு பேரும் போய் அந்த பீரோவைத் தூக்குங்கன்னு வீட்டுல கேட்டிருக்காங்க. அது 'ஆகட்டும்'னு போட்டிருக்கு. 'ஆகட்டும்'னா எங்க வீட்டுலயும் என்னமோ அர்த்தம் இருக்காம் சார்."

பீரோவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதன் ஒரு முனையில் சகலை, மறு முனையில் நாங்கள் இருவரும். குனியும்போது மேலாளர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. துணி விஷயமும் புரிந்தது; லீவு மெயிலில் இருந்தது ஏரி இல்லை, பீரோ.

"நீங்களா மெயில் போட்டு வர்றேன்னு சொன்னது, மனசைத் தொட்டுடுச்சு சகலை" என்றார் அவர், மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது.

"மெயிலா? உங்களுக்குமா?"

"ஆமா. 'என்னால் இயன்ற பாரத்தை விட ஒரு பங்கு கூடுதலாகவே சுமப்பேன்'னு எழுதியிருந்தீங்களே! அதான் பீரோவுல இருந்த சாமானை நான் வெளிய எடுக்கலை."

புது வீட்டில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோவைச் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. முதுகு தனியாகப் புகார் கொடுத்தது. ஆத்திரத்தோடு போனை எடுத்து உதவியாளருக்கு எழுதினேன்.

'இனிவரும் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் ரத்து செய். குழாய், பரண், பெயிண்ட், எல்லாம்!'

'அவை வீட்டு விஷயங்கள். உங்கள் உத்தரவுப்படி, அவற்றில் நான் உங்களைக் கேட்பதில்லை' என்றது. 'நன்றாகத் தெரிந்தவரிடம் வேண்டுமானால் கேட்டுச் சொல்லட்டுமா?'

வேண்டாம் என்று எழுதுவதற்குள் இன்னொரு டிங். என் மனைவி ஒரு படம் அனுப்பியிருந்தாள். படகு, பளபளவென்று தண்ணீர், என் தொப்பிக்குக் கீழே அவள். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்த மீன், எங்கள் கம்பெனியின் குழந்தை மெத்தை அளவுக்கு இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பொறாமையாகவும் இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கவும் தோன்றியது.

எட்டிப் பார்த்த வயர், படத்தின் ஓரத்தில் கிடந்த இன்னொரு தூண்டிலைக் காட்டி, "என் தூண்டில் சார் அது" என்று தேம்பினார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி நடுவில் எந்த உதவியாளரும் வேண்டாம். என் மனைவியிடம் நானே நேராகப் பேசுவேன், பணிவாகக் கேட்பேன். கேட்டால் அவள் மனசு இரங்காமலா போய்விடும்? துரு ஒட்டிய விரலால், எழுத்துக்கூட்டி, என் கையாலேயே எழுதினேன்.

'ஏம்மா, ஏரி மறுபடி திறந்ததும் ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போவியா?'

ஒரு நொடிகூட ஆகவில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் பதில் வந்தது:

'பார்க்கலாம்.'